அரிவாளும் குருந்தக்கல்லும்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஒளவையார் தூது போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குப் பெருமையுடன் காட்டினானாம். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது. இங்கே உள்ள ஆயுதங்களெல்லாம் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. தமிழாசிரியர்கள் இதைப் புகழ்வதுபோல் இகழ்வதற்கும், இகழ்வதுபோல் புகழ்வதற்கும் உதாரணமாகச் சொல்வார்கள். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அதில் வேறு இரண்டு செய்திகள் கண்ணில் படுகின்றன. இரும்பின்மேல் நெய் இருந்தால் துரு ஏறாது என்பது ஒன்று. உழைத்துக் கெட்ட கருவி போய்ச் சேர வேண்டிய இடம் கொல்லன் பட்டறை என்பது மற்றொன்று. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்களுக்கு இரண்டும் தெரிந்திருக்கின்றன.

இரண்டாவது செய்தியை, எம்.எஸ்ஸி. பட்டம் பெற்ற நான் மறந்துவிட்டேன். அந்த மறதியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு கொல்லை உண்டு. நாலைந்து வாழை, இரண்டு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் மல்லிகை. அவற்றைப் பராமரிக்க ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து, ஓர் அரிவாள், செடி நறுக்கும் கத்தரி ஒன்று. அரிவாள் என் தாத்தாவினுடையது. அவர் காலத்தில் அது தென்னை மட்டையை ஒரே வெட்டில் துண்டாக்கும். என் கைக்கு வந்தபின் மெல்ல மெல்ல மழுங்கிப் போயிற்று. ஒரு விடுமுறை நாளில் தெரிந்தவர் பட்டறை ஒன்றிலிருந்த மின்சாரச் சாணைச் சக்கரத்தில் நானே அதைத் தீட்டினேன். பொறி பறந்தது. விளிம்பில் அழகான நீல நிறம் படர்ந்தது. கருக்கு கண்ணாடிபோல் மின்னியது. பெருமையுடன் வீடு திரும்பினேன்.

மறுவாரமே விளிம்பு மடங்கத் தொடங்கியது. மட்டையை வெட்டினால் மட்டை நசுங்கியது. அரிவாளின் வாய் சுருண்டது. தெருவில் சாணை பிடிக்கும் பெரியவர் ஒருவர் வருவார். தறிக்காரர் வீடுகளின் கத்தரிக்கோல்கள்தாம் அவருக்குப் பெரிய வாடிக்கை. அவரிடம் அரிவாளைக் கொடுத்து, “போன வாரந்தானே தீட்டினேன், ஏன் இப்படி மடங்குகிறது பெரியவரே?” என்று கேட்டேன். அவர் அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தடவினார்.

“கல்லு மேல தப்பில்ல சார். இரும்பைக் காய வெச்சிட்டீங்க, பதம் இறங்கிப் போச்சு. பட்டறையில குடுத்துத் தோய்ச்சல் போட்டாத்தான் ஆவும். நான் புடிச்சுக் குடுத்தா ரெண்டு நாளு வெட்டும், அவ்வளவுதான்” என்றார். காசு வாங்காமல் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உலோகங்களின் கடினத்தன்மையைப் பற்றி நான் வகுப்பில் பாடம் நடத்துகிறவன். அந்தப் பெரியவர் ஒரு நகத்தால் தெரிந்துகொண்டதை நான் ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்ற கேள்வி என்னைக் குடைந்தது. தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் என்னை லண்டன் வரை கொண்டுபோய், திரும்பவும் சேலத்துப் பக்கத்துக் கற்குழிகளுக்கே கொண்டுவந்து விட்டது.

கூர் என்றால் என்ன?

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு வாழைப்பட்டையை அரிவாளால் அழுத்துகிறீர்கள். விசை ஒரு கிலோகிராம் எடை அளவு என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் 10 மி.மீ. நீளம் பட்டையைத் தொடுகிறது. மழுங்கிய விளிம்பின் தடிப்பு 0.1 மி.மீ. என்றால் விசை பரவும் பரப்பு ஒரு சதுர மி.மீ. தீட்டி அதை 0.01 மி.மீ. ஆக்கினால் பரப்பு பத்தில் ஒன்றாகிறது. அதே கைவிசைக்கு அழுத்தம் பத்து மடங்காகிறது. தீட்டுவதால் நம் தோளுக்குப் பலம் கூடுவதில்லை. அதே பலம் குறுகிய இடத்தில் குவிகிறது. மழுங்கிய கத்தரியால் நறுக்கிய ரோஜாக் கிளை நசுங்கி, அந்த இடத்தில் அழுகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கூரான கத்தரி திசுவை நசுக்காமல் பிரிப்பதால் காயம் விரைவில் ஆறிவிடுகிறது.

அப்படியானால் விளிம்பை எவ்வளவு வேண்டுமானாலும் மெலிதாக்கலாமா? கூடாது. ஆப்பின் கோணம் குறையக் குறைய வெட்டுவது எளிதாகும். ஆனால் விளிம்பைத் தாங்க உலோகம் இராது. பூச்செடிக் கத்தரிக்கு 20, 25 பாகை கோணம் போதும். மண்ணிலும் கல்லிலும் மோதும் மண்வெட்டிக்கு அது 30 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். சவரக்கத்திபோல் மண்வெட்டியைத் தீட்டினால் முதல் கூழாங்கல்லிலேயே வாய் பிளந்துவிடும்.

ஒரு பொருளைத் தேய்க்க வேண்டுமானால் அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். இந்த உண்மை இரும்புக்கு முந்தியது. புதிய கற்கால மனிதர் கருங்கல்லைக் கொத்திக் கோடரி வடிவாக்கி, மணலும் நீரும் இட்டுப் பாறையில் தேய்த்து வழவழப்பாக்கினர். அப்படித் தேய்த்த பள்ளங்கள் பெல்லாரிப் பக்கத்துக் குன்றுகளில் இன்றும் இருக்கின்றன. சேர்வராயன் மலையில் அந்தக் கோடரிகளைச் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டதை ராபர்ட் புரூஸ் பூட் பதிவு செய்திருக்கிறார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அதே பூட்தான்.

பின்னர் இரும்பு வந்தது. எவ்வளவு பின்னர் என்பதில் நம் பாடப்புத்தகங்களே மாற வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை போகின்றன என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு வந்த நாளிலிருந்தே அதைத் தீட்டும் வேலையும் வந்திருக்க வேண்டும். தீட்டாத இரும்பு வெறும் பட்டைதானே!

உதிர்வதே குணமான கல்

எங்கள் ஊருக்கு வந்தால் கைலாசநாதர் கோயிலைப் பாருங்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தது. அடித்தளம் கருங்கல், அதன்மேல் எழுந்த கட்டடமும் சிற்பங்களும் பெரும்பாலும் மணற்கல். 1300 ஆண்டு மழையும் காற்றும் உப்பும் பட்டு அந்தச் சிங்கங்களின் முகங்கள் கரைந்திருப்பதைக் காண வருத்தமாக இருக்கும். மணற்கல் என்பது குவார்ட்ஸ் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கல். மணி கடினமானது, ஒட்டும் பொருள் மெலிவானது. ஆகவே மணிமணியாக உதிர்கிறது.

சிற்பத்துக்குக் கேடான இந்தக் குணமே சாணைக்கல்லுக்கு வரம். கத்தியைத் தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேலுள்ள மணிகளும் முனை மழுங்குகின்றன. மழுங்கிய மணி கல்லிலேயே தங்கிவிட்டால் கல் வழுக்கத் தொடங்கும், வெட்டாது. அது உதிர்ந்தால் அடியிலிருந்து கூரான புதிய மணி வெளிப்படும். நல்ல சாணைக்கல் தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும் கல். ஐரோப்பாவின் பழைய பெரிய சாணைச் சக்கரங்கள் மணற்கல்லில் செதுக்கியவைதாம்.

1812-இல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களை ஒன்றையொன்று கீறும் திறனைக்கொண்டு வரிசைப்படுத்தினார். குவார்ட்ஸ் 7, வைரம் 10. நன்கு பதமேற்றிய எஃகு ஏறக்குறைய ஆறரை. குவார்ட்ஸால் எஃகைத் தேய்க்க முடிகிறது. ஆனால் இடைவெளி மிகச் சிறியது. வேலை மெதுவாக நடக்கும். 9 என்ற இடத்தில் ஒரு கல் இருக்கிறது. இந்த எண்கள் வரிசை எண்களே அன்றி அளவுகள் அல்ல என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பதித்து அளந்து பார்த்தால் வைரம் அந்த 9-ஆம் கல்லைவிட மூன்று நான்கு மடங்கு கடினம். ஆனால் அந்தக் கல் குவார்ட்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினம். அதன் பெயர் உலகெங்கும் ‘கோரண்டம்’. நம் பெயர் குருந்தம்.

எலி தோண்டிய கல்

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் உட்வர்டு என்ற ஆங்கிலேயர் தாம் சேகரித்த அயல்நாட்டுக் கற்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் சென்னைக் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ‘கொரிவிண்டம்’ என்ற கல் இடம்பெறுகிறது. நெல் வயல்களில் கிடைப்பது, வயல் எலிகள் தோண்டி வெளியே தள்ளுவது, இரும்பைத் துலக்க உதவுவது என்று அதற்குக் குறிப்பு. அப்பெயருக்கு முன்னால் ‘நெல்ல’, ‘தெல்ல’ என்ற அடைமொழிகள் வருகின்றன. தெலுங்கில் நல்ல என்றால் கருப்பு, தெல்ல என்றால் வெள்ளை. எனவே அவருக்குச் சொன்னவர் தெலுங்கர் ஆகலாம். தமிழில் குருந்தம், தெலுங்கில் குருவிந்தம், வடமொழியில் குருவிந்தம். ஆங்கில அகராதிகள் தமிழ்ச் சொல்லையே மூலமாகக் காட்டுகின்றன. அதற்காக நாம் அதிகம் மார்தட்ட வேண்டியதில்லை. அண்டை மொழிகள் பங்குபோட்டுக்கொண்ட சொல் அது.

1760-களின் இறுதியில் சென்னையிலிருந்த மருத்துவர் ஆண்டர்சன், எடின்பரோவில் கல்லில் முத்திரை வெட்டும் பெர்ரி என்பவருக்கு ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். வைரம் ஒன்றைத் தவிர மற்ற எல்லா மணிக்கற்களையும் மெருகிட இந்நாட்டார் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற குறிப்பும் உடன் போயிற்று. ஐரோப்பிய வேதியியலார் இந்தக் கல்லோடு மல்லுக்கட்டத் தொடங்கினர். கிளாப்ரோத் என்ற பெரிய அறிஞர் இதில் ஒரு புதிய தனிமத்தின் மண் இருப்பதாக முதலில் கருதினார். பிறகு அது அலுமினா, அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, என்று தாமே திருத்திக்கொண்டார்.

அந்தக் கல் எங்கே எடுக்கப்படுகிறது என்று விடாமல் விசாரித்தவர் சார்லஸ் கிரெவில். தென்னாட்டிலிருந்த கம்பெனி அதிகாரிகளுக்கெல்லாம் எழுதினார். கடைசியில் விசாரணை இன்றைய நாமக்கல் மாவட்டத்துப் பரமத்திப் பகுதிக் குழிகளில் போய் நின்றது. 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இந்தக் கல்லைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. நான்கு ஆண்டு கழித்து, 1802-இல், அதே இதழில் பூர்னோன் பிரபு, மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தச் சாணைக்கல்லும் படிக அமைப்பில் ஒன்றே என்று காட்டினார். குரோமியம் சிறிது கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அழகில்லாமல் மங்கிக் கிடந்தால் அரிவாள் தீட்டும் கல்! நம் பழைய நூல்களில் குருவிந்தம் என்ற பெயர் மாணிக்க வகைக்கும் வழங்குவதை இங்கே எண்ணிப் பாருங்கள்.

பரமத்திக்கு அருகிலுள்ள சித்தம்பூண்டியின் பாறைக்கு அண்மையில் இன்னொரு புகழும் வந்தது. அங்கே குருந்தம் பொதிந்திருக்கும் வெளிர் நிறப் பாறையின் பெயர் அனார்த்தோசைட். நிலவின் மேட்டு நிலங்களும் அதே வகைப் பாறை. சந்திரயான்-2 கலத்தைச் சோதிக்க நிலவு மண்ணைப்போல் ஒரு மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ விஞ்ஞானிகள் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளைத்தான் உடைத்துப் பொடியாக்கினார்கள்.

அரக்கில் சுழன்ற சக்கரம்

குருந்தத்தைப் பெரிய சக்கரமாகச் செதுக்க முடியாது. அது சிறு படிகங்களாகவே கிடைக்கிறது. செதுக்க வைரம் வேண்டும். நம் கைவினைஞர் கண்ட வழி எளியது. குருந்தத்தை இடித்துச் சலித்துப் பொடியாக்கினர். அரக்கை உருக்கி அதில் பொடியைப் பிசைந்தனர். சூடு இருக்கும்போதே வட்டமாகத் தட்டி ஒரு மர அச்சில் பொருத்தினர். அச்சில் ஒரு வாரைச் சுற்றி ஒருவர் இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பார். சக்கரம் இப்படியும் அப்படியும் சுழலும். மற்றவர் கத்தியைப் பிடிப்பார். ‘சாணை பிடித்தல்’ என்று நாம் சொல்வது அந்தப் பிடியைத்தான் என்று நினைக்கிறேன். கரடு வேலைக்குப் பருமணிச் சக்கரம், மெருகுக்கு நுண்பொடிச் சக்கரம்.

கடினமான மணி, மெலிவான பிணைப்பு. கைலாசநாதர் கோயில் மணற்கல்லில் இயற்கை செய்திருப்பதை இவர்கள் கையால் செய்தார்கள். அதுவும் இரண்டையும் தாங்களே தேர்ந்து கலந்தார்கள். இன்று உலகெங்கும் விற்கும் சாணைச் சக்கரங்களின் மேல் பிணைப்புப் பொருளைக் குறிக்க ஓர் எழுத்து அச்சிடுவார்கள். சுட்ட களிமண்ணுக்கு ‘வி’, செயற்கைப் பிசினுக்கு ‘பி’, ரப்பருக்கு ‘ஆர்’. ‘ஈ’ என்று இருந்தால் அது அரக்கு. மிக நுண்ணிய மெருகு வேலைக்கு அரக்குச் சக்கரத்தை இன்னும் கைவிடவில்லை.

அரக்குச் சக்கரத்தில் மற்றொரு நன்மையும் உண்டு. அதிகம் அழுத்தினால் சூட்டில் அரக்கு இளகி, மணிகள் நழுவிவிடும். சக்கரம் கெட்டுப்போகும் என்ற பயத்தில் கைகள் மென்மையாகவே இயங்கும். அரிவாள் காயாது. என் மின்சாரச் சக்கரத்துக்கு இந்தக் கூச்சம் கிடையாது.

நீல நிறத்தின் செய்தி

கிரெவிலின் கட்டுரைக்கு மூன்றாண்டு முன், 1795-இல், அதே ராயல் சொசைட்டி இதழில் ஜார்ஜ் பியர்சன் ‘ஊட்ஸ்’ என்ற இந்திய எஃகைப் பற்றி எழுதியிருந்தார். மூன்றே ஆண்டுகளில் நம் நாட்டுக் கத்தி இரும்பும் அதைத் தீட்டும் கல்லும் லண்டன் அறிஞர்களின் மேசைக்குப் போய்விட்டன! தென்னாட்டுக் கொல்லர்கள் சிறு மண் குகைகளில் இரும்பையும் விறகையும் இட்டு மூடி உருக்கிய எஃகு அது. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் அகழ்ந்தபோது அத்தகைய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. லண்டன் கத்திக் கொல்லர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகில் மயங்கி, மைக்கேல் பாரடேயைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். மின்சாரத்துக்குப் போகும் முன் பாரடே எஃகில் கைவைத்தவர். அவர் தந்தை ஒரு கொல்லர். ஊட்ஸின் சிறப்புக்கு அதில் கலந்த அலுமினியமே காரணம் என்று பாரடே நினைத்தார். அது சரியல்ல. உண்மைக் காரணம், ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு கலந்திருந்த கரியும் கொல்லனின் பொறுமையான சூடும்தான்.

அந்தச் சூடுதான் என் அரிவாளின் கதை. கரி கலந்த எஃகைச் செந்தணலாகக் காய்ச்சிச் சட்டென நீரில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும். கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். எனவே மீண்டும் இலேசாகச் சூடாக்கி, கடினத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குகிறார்கள். பதம் பார்ப்பது என்பது இதுதான். கொல்லனிடம் வெப்பமானி இல்லை. அவர் பார்ப்பது நிறம். துலக்கிய எஃகு 220 முதல் 230 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் மஞ்சளாகும். 260-க்கு அருகில் பழுப்பு. 280-இல் ஊதா. 300-இல் நீலம். மேற்பரப்பில் படரும் ஆக்சைடு ஏடு தடிக்கத் தடிக்க, அதன் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் எதிரொளிக்கும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் நிறங்கள் இவை. மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் காட்டும் வண்ணமும் இந்தக் குறுக்கீட்டு விளைவே. தேர்வில் இதற்கு நான் பத்து மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன்.

ஆக, என் அரிவாளில் நான் ரசித்த நீலம் 300 டிகிரியின் முத்திரை. வெட்டும் விளிம்பு அந்தச் சூட்டைத் தொட்ட கணமே தாத்தா காலத்துப் பதம் போய்விட்டது. 15 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 2800 முறை சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 79 கி.மீ. அந்த உராய்வில் பிறக்கும் வெப்பம் மெலிந்த விளிம்பில் தேங்குகிறது. ஓடிப் பரவ அங்கே உலோகம் இல்லை. பறக்கும் பொறி கையைச் சுடவில்லையே என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். பொறியின் வெப்பநிலை அதிகம்; நிறை துளியாதலால் அதிலுள்ள வெப்பம் குறைவு. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்பதும் நான் நடத்தும் பாடந்தான்!

இதற்குக் காப்பு ஒன்றே: தண்ணீர். நீர் 100 டிகிரியில் கொதிக்கும். பதம் இறங்கத் தொடங்குவதோ 200-க்கு மேல். விளிம்பில் நிற்கும் நீர்த்துளி கொதித்துப் போகாதவரை பதத்துக்கு ஆபத்தில்லை. தெருச் சாணைக்காரர் இரண்டு இழுப்புக்கு ஒரு முறை கத்தியை நீரில் நனைக்கிறாரே, அது பழக்கத்துக்காகச் செய்வது அல்ல.

பெயர் திரும்பி வந்த கதை

1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கற்கரியையும் கலந்து அதில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். ஆறியபின் கரிக்கம்பியின் நுனியில் சில மினுமினுக்கும் படிகங்கள் ஒட்டியிருந்தன. அவை கண்ணாடியைக் கீறின. கரியும், களிமண்ணிலுள்ள அலுமினாவும், அதாவது கார்பனும் கோரண்டமும், கூடிய பொருள் என்று எண்ணி அதற்குக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். ஆராய்ந்தபோது அதில் கோரண்டம் இல்லை. சிலிக்கனும் கார்பனும்தான் இருந்தன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இந்தக் கதையில் கிளாப்ரோத், பாரடே, அச்சிசன் எல்லாருமே அலுமினாவில் ஒரு முறை சறுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குச் சற்று ஆறுதல்.

தொடக்கத்தில் மணிக்கல் மெருகிடுவோருக்கு காரட் கணக்கில் விற்ற அந்தப் பொருள், நயாகரா நீர்வீழ்ச்சியின் மலிவான மின்சாரம் கிடைத்ததும் டன் கணக்கில் பெருகியது. செயற்கைக் குருந்தமும் மின் உலைகளில் உருவாயிற்று. தோண்டியெடுக்கும் கல்லுக்குத் தேவை குறைந்தது. 1898-இல் டி. எச். ஹாலண்டு இந்தியக் குருந்தத்துக்கென்றே தனி நூல் எழுதியபோது, அதை வெல்லப்போகும் எதிராளி ஏற்கெனவே பிறந்திருந்தான். 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டாகக் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. எந்த மண்ணிலிருந்து சொல் போயிற்றோ அதே மண்ணுக்கு, முன்னால் ஒரு ‘கார்’ ஒட்டிக்கொண்டு அது திரும்பி வந்தது. கடையில் தீட்டுக்கல் வாங்கும்போது அந்தப் பெயரை வாசித்துப் பாருங்கள்.

களத்தில் கொல்லனின் பங்கு

கல்லும் எஃகும் இருந்தால் போதாது. பராமரிக்கும் ஆள் வேண்டும். அதற்கும் எங்கள் மாவட்டத்தில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்குப் போனது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அந்தச் சீமையின் ஏறக்குறைய 2000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அக்காலத்தில் காஞ்சிபுரமும் அதில் அடக்கம். விளைச்சலைப் பிரிக்கும் முன்பே களத்தில் யார் யாருக்கு எவ்வளவு நெல் ஒதுக்குவது என்ற விவரம் அந்தக் கணக்குகளில் இருக்கிறது. கோயிலுக்கும் கணக்கனுக்கும் ஒதுக்கியதுபோலவே கொல்லனுக்கும் தச்சனுக்கும் பங்கு உண்டு. குடியானவரின் கொழுவைக் காய்ச்சி அடிப்பது, கதிர் அரிவாளுக்குக் கருக்கு வெட்டுவது எல்லாம் அந்தப் பங்குக்குள் அடக்கம். கருவி கெட்டபோது காசு தேட வேண்டாம்; பட்டறைக்குக் கொண்டுபோனால் போதும்.

இந்த ஏற்பாட்டைத் தங்கம் என்று நான் சொல்லவில்லை. பங்கு பிறப்பால் வந்தது. உழைத்தவன் கூட்டிக் கேட்க வழியில்லை. ஆனால் பராமரிப்பு என்பது விளைச்சலின் செலவில் ஒரு பகுதி என்ற கணக்கு அதில் இருந்தது. இன்று அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. மழுங்கினால் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குகிறோம். புதிதோ தகரம்போல் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு கொல்லை இருந்தால், இவ்வளவு செய்யலாம். மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் கல் வேண்டாம், அரம் போதும். ஒரே பக்கமாக, விளிம்பை நோக்கித் தள்ளி அராவுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். அரிவாளுக்கும் கத்தரிக்கும் நனைத்த தீட்டுக்கல், முதலில் பருமணிப் பக்கம், பிறகு நுண்மணிப் பக்கம். ஏற்கெனவே உள்ள கோணத்தை மாற்றாதீர்கள். பல் வைத்த கதிர் அரிவாளைக் கல்லில் தேய்க்கவே கூடாது, பல் போய்விடும். அதைக் கொல்லர்தான் உளியால் வெட்டித் தர வேண்டும். வாழை வெட்டியபின் அரிவாள் கருப்பாவது அதன் சாற்றிலுள்ள துவர்ப்பொருள் இரும்போடு சேர்வதால். சாயக்காரர்கள் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கருப்பு எடுத்ததும் அதே வினைதான். கழுவித் துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள். தொண்டைமான் வீட்டு வேலைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது.

என் அரிவாளை ஊருக்கு வெளியே ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்துக்கொண்டிருந்த ஐயா, நான் வாய் திறக்கும் முன்பே நீலத்தைப் பார்த்துவிட்டார். கெட்ட விளிம்பை வெட்டி எறிந்துவிட்டு, உலையில் வைத்து அடித்து நீட்டினார். துருத்தி ஊதுவதற்கு இப்போது மின்விசிறி. தோய்ச்சல் போட்டதும் ஒரு பக்கத்தைச் செங்கல்லால் தேய்த்து வெளுப்பாக்கி, மீண்டும் கனல் ஓரத்தில் பிடித்து, “நிறம் ஓடுது பாருங்க சார்” என்றார். முதுகுப் பக்கமிருந்து வைக்கோல் மஞ்சள் மெல்ல விளிம்பை நோக்கி நகர்ந்தது. அதன் பின்னால் பழுப்பு வந்துகொண்டிருந்தது. மஞ்சள் விளிம்பைத் தொட்ட கணத்தில் அரிவாளைத் தண்ணீரில் அமிழ்த்தினார். புத்தகத்தில் 230 என்று நான் படித்திருந்த எண்ணை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

“கல்லுல நான் தீட்டிக்கலாமா?” என்று கேட்டேன்.

“தீட்டுங்க. தண்ணி ஊத்திக்கினே தீட்டுங்க” என்றார்.